அரியணையும் அலுமாரியும்

கண்டியிலிருந்து கொழும்பு நோக்கி இறங்கும் நெடுவீதியில், கடுகண்ணாவ என்னுமிடத்தில், பாறையைக் குடைந்து அமைத்த வாயில் ஒன்று உண்டு. அவ்வழியே பயணஞ் செய்த எவரும் அதனைக் கண்டிருப்பர். சில ஆண்டுகளுக்கு முன்னர், கேகாலைப் பக்கத்துப் பாடசாலையொன்றுக்கு மாற்றலாகிச் சென்றபோது, அந்தப் பாறைக்குச் சற்றுக் கீழே ஒரு மாலைப்பொழுது முழுவதும் நான் நிற்க நேர்ந்தது. என் சிறிய மோட்டார் வண்டியின் கூரைமேல், பலாமரத்தாற் செய்த பழைய அலுமாரி ஒன்றைக் கட்டியிருந்தேன். துணைக்கு எவரையும் அழைக்கவில்லை. லொறிக்குக் கூலி கொடுப்பானேன், ஓர் அலுமாரியைத் தனியே கொண்டு செல்ல முடியாதா என்ற எண்ணந்தான் காரணம்.

நான் செய்த பிழைகள் மூன்று. அலுமாரியின் உள்ளிருந்த லாச்சிகளைக் கழற்றாது விட்டேன். கதவுகளைச் சாவியால் மட்டும் பூட்டி, சுற்றிக் கயிறு இடாது விட்டேன். சுமையைக் கூரையோடு குறுக்காக மட்டும் பிணித்து, முன்னும் பின்னும் இழுத்துக் கட்டாது விட்டேன். சமதரையில் இவை தெரியவில்லை. இறக்கத்தில் வண்டியை நிறுத்த முனையுந்தோறும் அலுமாரி ஓர் அங்குலம் முன்னே நகர்ந்தது. வளைவுகளில் லாச்சிகள் உள்ளே உருண்டு, சுமையின் பாரத்தை ஒருபுறமிருந்து மறுபுறம் தள்ளின. மூன்றாம் வளைவில் பூட்டுத் தெறித்து, கதவொன்று பறவையின் சிறகுபோல் விரிந்தது. வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். கைகால் நடுங்கிற்று.

வீதியோரத்தில் அன்னாசி விற்றுக்கொண்டிருந்த சிங்கள முதியவர் ஒருவர் ஓடிவந்து கதவைத் தாங்கிப் பிடித்தார். பின்னால் வந்த லொறியின் சாரதி, மாத்தளைப் பக்கத்துத் தமிழர், தம் உதவியாளனுடன் இறங்கினார். கயிற்றைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஐயா, தனியாவா ஏத்தினீங்க?"

"ஆம், தனியேதான்" என்றேன். சொன்ன கணமே அது பொய்யென்று எனக்குத் தெரிந்தது. கண்டியில் அயல்வீட்டார் இருவர் தோள் கொடுத்திராவிடின், அந்த அலுமாரி என் முற்றத்தைக்கூடத் தாண்டியிராது. எனினும் அவர்களை நான் கணக்கிற் சேர்க்கவில்லை. அன்று அந்தப் பாறையின் நிழலில் நின்றபோது எழுந்த ஒரு கேள்வியே இன்றைய பேச்சின் பொருள்: இந்த மலைவழியே பாரமான பொருள்கள் எப்படி ஏறின, எப்படி இறங்கின, அவற்றைச் சுமந்தவர்களை வரலாறு கணக்கிற் சேர்த்ததா?

முதலிலே சொற்களைக் கவனிப்போம். ஈழத்துத் தமிழர் நாற்காலியைக் கதிரை என்பர். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு ஆகிய நான்கும் போர்த்துக்கேயர் வாயிலாக நமக்கு வந்த சொற்கள். லாச்சி என்பது ஒல்லாந்தர் தந்தது. பொருள் கப்பலில் வந்தது. பெயரும் அதனுடன் வந்திறங்கியது. ஆனால் அப்பொருளைத் தோளில் ஏற்றிச் செல்லும் செயலுக்கு நாம் வழங்கும் சொல் கடல் கடந்து வந்ததன்று. காவுதல் என்று யாழ்ப்பாணத்தார் இன்றும் சொல்லும் சொல் பழந்தமிழ்ச் சொல். இரு முனையிலும் சுமை தொங்க நடுவே தோள் கொடுக்கும் தண்டுக்குக் கா என்று பெயர். காவடியும் அதன் வழியே வந்தது.

கரையோரத்தில் கதிரையும் மேசையும் பரவிய காலத்திலும் மலைநாட்டில் அவை பரவவில்லை. 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தைப் பற்றி எழுதிய நூல் 1681இல் வெளியாயிற்று. மக்கள் வீடுகளில் தட்டுமுட்டுப் பொருள்கள் மிகச் சிலவே என்றும், முதுகு சாயும் ஆசனத்தில் அமரும் உரிமை அரசனுக்கு மட்டுமே உண்டென்றும் அவர் குறித்துள்ளார். ஒரு கதிரையின் முதுகுப்புறம் ஆட்சியின் அடையாளமாக இருந்த நாடு அது.

அத்தகைய நாட்டுக்குத்தான் 1693ஆம் ஆண்டளவில் ஓர் அரியணை வந்து சேர்ந்தது. ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் றீ என்பவர், அக்காலத்துக் கண்டி மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்த அன்பளிப்பு அது. மரச்சட்டத்தின்மேல் பொற்றகடு போர்த்து, மணிகள் பதித்து, கைப்பிடிகளைச் சிங்க வடிவாக அமைத்து, முதுகின் உச்சியில் ஞாயிற்றின் உருவம் பொறித்த பேராசனம். அதன் முதுகு ஏறத்தாழ 5 அடி உயரம். இன்றைய அலுமாரி ஒன்றைப்போலவே அதுவும் மடிக்கவோ பிரிக்கவோ இயலாத பெருஞ்சுமை.

அது எந்த வழியே ஏறியிருக்கும்? கொழும்பிலிருந்து கண்டிக்குத் தூதுவர் சென்ற பாதை, சீதாவாக்கை, ருவான்வெல்லை ஆகிய இடங்களைக் கடந்து, பலனக் கணவாயில் ஏறி, கன்னொறுவையில் மகாவலி கங்கையைத் தாண்டிச் சென்றது. வீதி என்று சொல்லத்தக்கது அங்கே இல்லை. பாதைகளை அகலமாக்க மன்னர் இசையவில்லை என்பதும், ஒருவர்பின் ஒருவராகவே மக்கள் நடந்தனர் என்பதும், வழிகளிலே முட்கதவுகள் இட்டுக் காவல் செய்தனர் என்பதும் நொக்ஸ் தரும் செய்திகள். இது அறியாமையால் நேர்ந்ததன்று. போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் தடுத்து நிறுத்திய கோட்டை, அந்த ஒற்றையடிப் பாதைதான். பீரங்கி ஏற முடியாத வழியில் படை நெடுநாள் நிலைக்க முடியாது. ஆனால், பீரங்கிக்கு மறுக்கப்பட்ட பாதை அரியணைக்கும் அகலவில்லை. சக்கரம் உருளாத மலையில் அதனை மனிதத் தோள்களே ஏற்றியிருக்கும். முன்னே செல்வோர் மேட்டில் ஏறும்போது பாரமெல்லாம் பின்னே நிற்பவர்மேற் சாயும். வளைவிலே உள்வட்டத்தில் நிற்பவர் நின்ற இடத்திலேயே திரும்பவேண்டும், வெளிவட்டத்தில் நிற்பவர் பள்ளத்தின் விளிம்பில் நடக்கவேண்டும். பெரிய பொருளை மாடிப்படியில் ஏற்றிய எவரும் இதனை அறிவர். அவர்கள் அதனைப் பல நாள் நடையாகச் செய்தார்கள்.

அந்த ஆசனத்தில் அறுவர் வீற்றிருந்தனர். முதலிருவர் சிங்கள அரச குலத்தவர். பின்னர் வந்த நால்வர் மதுரை நாயக்கர் வழியினர். ஆனால் அரசர்கள் எப்பொழுதும் அங்கே அமைதியாக அமர்ந்திருக்க இயலவில்லை. 1765இல் ஒல்லாந்தர் படை கண்டி நகருட் புகுந்தது. 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் படை புகுந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. அரண்மனையின் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. பகைவர் வரும்போது நகரைக் காலி செய்து, செல்வத்தை மலைகளுக்குள் மறைத்து, அவர்கள் நோயாலும் பசியாலும் தளரும் வரை காத்திருப்பது கண்டியரின் போர்முறை. அரியணையும் அத்தகைய வேளைகளில் இடம் பெயர்ந்திருக்கும் என்று கருத இடமுண்டு. வீடு மாறுவதன் தொல்லையை மன்னரும் அறிந்தே இருந்தனர் எனலாம்.

1815ஆம் ஆண்டிலே கதை மாறியது. பெப்ரவரி மாதம் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றினர். 18ஆந் திகதி தும்பறைப் பகுதியில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டான். மார்ச் 2ஆந் திகதி, அரண்மனையை அடுத்துள்ள மகுல் மடுவ என்னும் சபாமண்டபத்தில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. மன்னன் கொழும்புக்கு இறக்கப்பட்டான். அடுத்த ஆண்டு கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பப்பட்டான். அரியணையும் மலையிறங்கிக் கப்பலேறி இங்கிலாந்து சென்றது. விண்ட்சர் கோட்டையில் இடம்பெற்று, அங்கு நிகழ்ந்த சடங்குகளில் பயன்பட்டது. ஏற்றிய தோள்களைப் போலவே இறக்கிய தோள்களும் பெயரற்றவை. மன்னனைப் பிடித்தவர் யார், உடன்படிக்கையில் ஒப்பமிட்டவர் யார் என்பதற்கெல்லாம் ஏடுகள் உண்டு.

நாட்டைப் பிடித்தவர்கள் முதலில் உணர்ந்த குறை வீதியே. முந்திய மன்னர் எதனை அஞ்சி மறுத்தாரோ, அதனைப் புதிய அரசு விரைந்து செய்தது. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்தில், 1820இல், கொழும்பு–கண்டி வீதி தொடங்கப்பெற்றது. வகுத்தவர் அரச பொறியியற் படையைச் சேர்ந்த கப்டன் டோசன். பின்னாளில் இந்நாட்டு வீதிகளின் தந்தை எனப் பெயர்பெற்ற தோமஸ் ஸ்கின்னர், பதினாறு வயதளவான இளம் அதிகாரியாக அவ்வீதியின் ஒரு பகுதியை ஏற்று நின்றார். பாறையை ஊடுருவி எவன் வழி செய்கிறானோ அவனே கண்டியை ஆள்வான் என்று ஒரு பழங்கதை மலைநாட்டில் வழங்கும். கடுகண்ணாவப் பாறையில் துளை விழுந்தபோது அக்கதையை நினைத்துப் பெருமூச்செறிந்தோர் பலர் இருந்திருப்பர்.

துளையிட்ட கைகள் யாருடையவை? பெரும்பாலும் அந்தந்தக் கோறளையைச் சேர்ந்த சிங்களக் குடியானவர்களுடையவை. நிலத்துக்கு ஈடாக அரசனுக்குச் செய்யவேண்டிய இராசகாரியம் என்னும் ஊழியமுறையை ஆங்கில அரசு தன் கையில் எடுத்து, அவர்களைக் கூலியின்றியே வீதி வேலைக்கு இழுத்தது. தம் மன்னனைக் காத்த காட்டைத் தம் கையாலேயே வெட்ட நேர்ந்தது அவர்களது விதி.

1832ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு முடிச்சுப்போல் நிற்கிறது. அவ்வாண்டு ஜனவரியில் வேலூர்ச் சிறையில் கடைசி மன்னன் மாண்டான். அதே ஆண்டு கண்டி வீதியில் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு இராசகாரிய ஊழியத்தை ஒழிக்கும் கட்டளை பிறந்தது. அதே ஆண்டு கடுகண்ணாவ உச்சியில், 1829இல் இறந்துபோன டோசனுக்கு நினைவுக் கோபுரம் எழுந்தது. ஏறத்தாழ 125 அடி உயரமான அக்கோபுரத்தில், இவ்வீதியை வகுத்து முடித்தவர் அவர் என்று பொறித்திருக்கின்றது. அவர் அறிவுடையவர், கடமை வீரர், அப்புகழுக்கு உரியவரே. ஆயினும், அக்கல்வெட்டைப் படிக்கும்போதெல்லாம், "தனியேதான் ஏற்றினேன்" என்று லொறிச் சாரதியிடம் நான் சொன்ன விடை என் காதில் ஒலிக்கிறது.

வீதி வந்தபின் சக்கரம் வந்தது. பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே, முதிரை மரத்தால், 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாவும் பாலம் 1830களின் தொடக்கத்தில் அமைந்தது. 1905 வரை அது வண்டிகளைத் தாங்கி நின்றது. பொதிமாடுகள் வரிசையாகச் செல்லும் தவளங்கள் குறைந்து, இரட்டை மாட்டு வண்டிகள் மிகுந்தன. மேலே ஏறும் வண்டியில் அரிசியும் உப்பும் கருவாடும். கீழே இறங்கும் வண்டியில் கோப்பிக் கொட்டை. 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. ரம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவ வரை ஏறத்தாழ 1,400 அடி உயரத்தை ஏறுவதற்கு, அதற்கும் பின்னாலிருந்து தள்ள மற்றோர் இயந்திரம் வேண்டியிருந்தது. இரும்புக் குதிரைக்கும் தனியே ஏற முடியாத மலை இது.

ஆனால் வீதியும் தண்டவாளமும் முடியும் இடத்திலே மலை முடியவில்லை. அதற்கப்பாலுள்ள தோட்டங்களுக்குச் சுமை எவ்வாறு சென்றது? தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் தலைமேல் சென்றது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை கடந்து கண்டிச் சீமைக்கு நடந்து வந்தவர்கள் அவர்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் மிகப் பலர். வந்து சேர்ந்தோர் அரிசி மூட்டைகளைத் தலையிற் சுமந்து செங்குத்தான பாதைகளில் ஏறினர். துரைமார் பங்களாவுக்குரிய கட்டிலும் மேசையும் இரும்புப் பெட்டியும் அவ்வாறே ஏறின. கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பதைப் பாடநூல்கள் கூறும். அத்தேயிலையைக் கிள்ளியவர், சுமந்தவர் பெயர்களை அவை கூறா.

சுமந்தவர்களுக்கு நாடு தந்த கைம்மாறு யாது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பங்கிட 1974இல் மற்றோர் ஒப்பந்தம் வேண்டியிருந்தது. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் தகரப் பெட்டிகளோடும் பாய்ச்சுருள்களோடும் குடும்பங்கள் தலைமன்னாருக்குப் புறப்பட்ட காட்சியைக் கண்டோர் இன்றும் நம்மிடையே உளர். மூன்று தலைமுறையாகப் பிறர் வீட்டுப் பொருள்களை மலையேற்றியவர்கள், தம் வீட்டு அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கொண்டுசெல்ல வழியின்றி அயலாரிடம் விட்டுச் சென்றனர். எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இனி, அரியணை என்னாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். அது திரும்பி வந்தது. 1934 செப்டெம்பரில், இங்கிலாந்து அரசரின் மைந்தராகிய குளொஸ்டர் கோமகன் அதனைக் கொண்டுவந்து, உடன்படிக்கை கைச்சாத்தான அதே மகுல் மடுவத்தில் ஒப்படைத்தார். 119 ஆண்டுகளுக்குப் பின் அது மீண்டும் மலையேறியது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் கண்ணாடிக்குப் பின்னே இருக்கின்றது. என் மாணவரை அங்கு அழைத்துச் செல்லும்போது, கொடுத்த தேசாதிபதியின் பெயரையும் அமர்ந்த மன்னரின் பெயர்களையும் மீட்டுத் தந்த கோமகனின் பெயரையும் அவர்கள் தவறாது குறித்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு சிறுமி, "இதை யார் தூக்கிக்கொண்டு போனார்கள், ஐயா?" என்று கேட்டாள். வரலாற்றுப் பாடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி அது. "பலர், மகளே, அவர்களுடைய பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை" என்றேன். அவள் தன் குறிப்பேட்டில் "பலர்" என்று எழுதிக்கொண்டாள்.

கடுகண்ணாவ வீதியோரத்திலே நின்ற என் அலுமாரிக்கு வருகிறேன். லொறிச் சாரதி முதலில் லாச்சிகளைக் கழற்றிப் பின் ஆசனத்தில் வைத்தார். கதவுகளைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கினார். அலுமாரியைக் கவிழ்த்து, பாரமான அடிப்பக்கம் முன்னோக்கி இருக்க வைத்து, முன்னும் பின்னும் வண்டியின் இரும்போடு இழுத்துக் கட்டினார். அன்னாசி விற்ற முதியவர், மரம் உராயும் இடங்களிலே தம் சாக்குத் துண்டுகளை மடித்துச் செருகினார். "ஐயா, ரெண்டாங் கியர்லயே இறங்குங்க, பிரேக்க நம்பாதீங்க" என்று சொல்லி, சாரதி தம் லொறியை எனக்கு முன்னே விட்டு, மாவனெல்லை வரை மெதுவாக வழிகாட்டிச் சென்றார். காசு நீட்டினேன், சிரித்து மறுத்துவிட்டார். பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த அலுமாரி இன்று என் வீட்டு முன்னறையில் இருக்கின்றது. அதன் விளிம்பிலே கயிறு பதிந்த தழும்பு ஒன்றுண்டு. மெருகிட வந்த தச்சர் அதனை அழித்துத் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். வருவோர் எவரேனும் அதைக் காட்டி, "இவ்வளவு பாரத்தை மலையிலிருந்து எப்படி இறக்கினீர்கள்?" என்று கேட்டால், தனியே இறக்கினேன் என்று நான் இப்பொழுது சொல்வதில்லை. ஊர் கூடினால் தேர் ஓடும் என்பது நம் முன்னோர் மொழி. கண்டி வீதியின் வரலாறும் அதுவே; தேரில் வீற்றிருந்தோரின் பெயர்கள் மட்டும் எஞ்சி, வடம் பிடித்தோர் பெயர்கள் மறைந்த வரலாறு. அடுத்த முறை அந்தப் பாறைவாயிலைக் கடக்கும்போது, நேயர்களே, ஒரு கணம் வண்டியை மெதுவாக்குங்கள்.